உண்ணுமுன் கேட்கும் கேள்வி

வீட்டுக்கு வெளியே உண்பது சிராவகர்க்குத் தகுமா என்பது பழைய வினா. நம் முன்னோர் காலத்தில் இதற்கு விடை எளிதாயிருந்தது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து வெளியூர் சென்றவர்கள் கட்டுச்சோறு எடுத்துச் சென்றனர். உறவினர் இல்லம் இருந்தால் பொழுது சாயுமுன் அங்கே உண்டனர். இரண்டும் வாய்க்காதபோது பாலும் பழமும் கொண்டு அன்றைய பொழுதைக் கழித்தனர்.

இன்று நிலைமை வேறு. நம் பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கவும் பணி செய்யவும் வருகின்றனர். திருவல்லிக்கேணி மேன்சன்களில் ஓர் அறையை மூவர் பங்கிட்டுக்கொண்டு, மூன்று வேளையும் மெஸ் சாப்பாட்டையே நம்பியிருப்போர் பலர். அவர்களிடம் "வெளியே உண்ணாதே" என்று சொல்வது, உண்ணாதே என்று சொல்வதற்கே ஒப்பாகும். ஆகவே, உண்ணலாமா என்ற வினா, எவ்வாறு உண்பது என்ற வினாவாக மாறி நம்முன் நிற்கிறது. இதைப் பற்றி எங்கள் இல்லத்தில் ஓராண்டுக் காலம் நிகழ்ந்த ஒரு சிறு முயற்சியையும், அதில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் இங்கே வாசகர் முன் வைக்கிறோம்.

ஒரு திங்களுக்கு ஒரு விடுதி

பேரப்பிள்ளைகளின் விருப்பத்தால் தொடங்கியது இது. திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரில் ஏதேனும் ஓர் எளிய சிற்றுண்டிச்சாலைக்குக் குடும்பமாகச் சென்று வருவது என்று முடிவாயிற்று. நட்சத்திர விடுதிகளை நாங்கள் நாடவில்லை. சாதாரண மக்கள் அமர்ந்து உண்ணும் இடங்களே எங்கள் நோக்கம். இல்லத்து மூதாட்டியாரும் உடன் வர இசைந்தார். எழுபத்தெட்டு வயதினரான அவர், நாற்பது ஆண்டுகளாக வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளை விலக்கி வாழ்பவர். ஏனைய எங்களுக்கு அத்தனை உறுதி இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அஷ்டமி, சதுர்த்தசி, பர்வ தினங்கள் நீங்கலாக எங்கள் சமையலறையில் வெங்காயம் உண்டு. ஆயினும் அவர் உடன் வரும் நாளில் அவருடைய நியமமே எல்லோர்க்கும் நியமம் என்று ஏற்றுக்கொண்டோம்.

மூன்று நிபந்தனைகள் விதித்துக்கொண்டோம். விடுதி முழுவதும் சைவமாக இருக்கவேண்டும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவேண்டும். எதையும் கேட்டறிந்த பின்னரே வரவழைக்கவேண்டும்.

இரண்டாவது நிபந்தனை கடினமானது என்று முதலில் அஞ்சினோம். சென்னையில் நவம்பரில் மாலை 5.40 அளவிலும், ஜூலையில் 6.40 அளவிலும் கதிரவன் மறைகிறது. நகரத்தாரோ இரவு எட்டு மணிக்கு மேல்தான் குடும்பத்தோடு விடுதிக்குப் புறப்படுகின்றனர். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சுடச்சுடச் சிற்றுண்டி தருவது இந்நகரத்தின் நெடுநாள் வழக்கம். அவ்வேளையில் கூட்டம் குறைவு, பலகாரம் புதிது, பரிமாறுவோர்க்கும் நின்று பேச நேரம் உண்டு. நம் நியமம் நமக்குத் தடையாகாமல், நல்ல வேளையைத் தேடித் தந்தது.

1948ஆம் ஆண்டு முதல் திருவல்லிக்கேணியில் நடைபெற்றுவரும் இரத்னா கபேக்குச் சென்றோம். பிள்ளைகள் சாம்பார் இட்லியின் புகழைக் கேட்டிருந்தனர். மூதாட்டியார் வெறும் இட்லியைச் சர்க்கரை தொட்டு உண்டு மகிழ்ந்தார். கதீட்ரல் சாலை வழியே செல்லும்போது, 1962இல் அங்கே திறக்கப்பெற்ற உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் விடுதியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மரநிழலில் காரை நிறுத்தி, காரிலிருந்தபடியே உண்ட அவ்விடம் 2008இல் மூடப்பட்டு, இன்று செம்மொழிப் பூங்காவாக விளங்குகிறது. மணமான புதிதில் அங்கே காப்பி அருந்தியதை மூதாட்டியார் நினைவுகூர்ந்தார். "அன்றைக்கு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவுமில்லை" என்றார்.

சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவுக்குச் சென்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வடநாட்டுச் சமணர் மிகுதியாக வாழும் அப்பகுதியில் 'ஜெயின்' என்ற சொல்லே ஒரு பலகாரப் பெயராகிவிட்டது. வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் இல்லாதது என்பது அதன் பொருள். ஜெயின் பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்கு ஈடாக வாழைக்காயைச் சேர்ப்பர். நாங்கள் அதைத் தமிழில் கேட்டதும், பரிமாறியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க சேட்டு மாதிரி தெரியலையே" என்றார். ஈராயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் வாழ்ந்து, இம்மொழியில் நூல் செய்த ஒரு சமுதாயம், ஒரு தட்டு பாவ் பாஜிக்காகத் தன் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருந்தது! பேரன் சொன்னான், அவரும் வியந்து கேட்டார். பலகாரத்தின் பெயர் 'ஜெயின்' என்றாலும், அது இரவு பத்து மணிக்கும் விற்கப்படுகிறது என்பதையும் மூதாட்டியார் புன்முறுவலோடு சுட்டிக்காட்டினார். பெயர்ப்பலகை நியமத்தின் ஒரு பகுதியைத்தான் அறியும்.

கண்ணுக்குத் தெரியாதவை

சில திங்கள் சென்றபின் ஓர் உண்மை விளங்கிற்று. 'சைவம்' என்ற பலகை நம்மைப் பாதி வழிக்கே அழைத்துச் செல்கிறது.

பொட்டலப் பொருள்களின்மேல் உள்ள பச்சைப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். 2001இல் அறிவிக்கப்பட்ட இக்குறி நமக்குப் பேருதவியே. எனினும், அரசு விதியின்படி தேனும், தேன்மெழுகும், அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் மெருகும் அசைவம் என்ற வரையறையில் அடங்கா. ஆகவே தேன் கலந்த பண்டமும் பச்சைப் புள்ளியோடு வரலாம். கள், ஊன், தேன் என்னும் மூன்றையும் விலக்குதல் சிராவகரின் அடிப்படைக் குணங்களுள் அடங்கும் என்பதை நாம் அறிவோம். சட்டம் நமக்காக இயற்றப்பட்டதன்று. அதைக் குறைகூறுவதும் முறையன்று. ஆனால், புள்ளியைப் பார்த்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

பழச்சாற்றுக் கடைகளில் அத்திப்பழப் பால் இன்று மிகவும் விரும்பப்படுகிறது. உடலுக்கு நல்லது என்று பலரும் அதை அருந்துகின்றனர். அத்தி முதலான ஐவகைப் பழங்களை ஏன் விலக்கினர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

சிற்றுண்டி வகைகளிலும் இவ்வாறே. ரவா தோசை மாவில் வெங்காயம் கலந்திருப்பது வழக்கம். வடையிலும் பல இடங்களில் சேர்க்கின்றனர். வெண்பொங்கலில் இஞ்சி இருக்கும். தயிர்சாதத்தின்மேல் அழகுக்காகத் துருவித் தூவுவது காரட் என்னும் கிழங்கு. காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியும் வறுத்துப் பொடித்த ஒரு வேரே. உலர்ந்த சுக்கும் மஞ்சளும் ஏற்கத்தக்கவையெனில் சிக்கரியும் அவ்வாறே என்பார் சிலர். வேண்டாம் என்பார் சிலர். எங்கள் இல்லத்தில் அவ்வாதம் இன்னும் முடியவில்லை, காப்பியும் நிற்கவில்லை.

ஒருநாள், அடுப்பு கண்ணுக்குத் தெரியும்படி அமைந்த ஒரு சிறிய கடையில் சாதா தோசை கேட்டோம். மாவில் வெங்காயம் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள், அது உண்மையே. ஆனால் தோசை மாஸ்டர் கல்லைத் துடைக்க எடுத்தது எண்ணெயில் தோய்த்த அரை வெங்காயம்! கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவர் எவருமில்லை. நம் கேள்வி அந்தக் கல்வரை செல்லவில்லை, அவ்வளவே. மூதாட்டியார் இரண்டு வாழைப்பழம் உண்டு எழுந்தார்.

நாங்கள் செய்த பிழை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறோம். அவ்விடுதியின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

அன்று நாங்கள் சென்றது பிந்திவிட்டது. மணி ஐந்தைக் கடந்திருந்தது, கார்த்திகை மாதம். கதிரவன் மறைய அரைமணி நேரமே இருந்தது. விடுதியில் நல்ல கூட்டம். பரிமாற வந்தவர் இருபது வயதினரான ஓர் இளைஞர். வடகிழக்கிலிருந்து வந்து சில திங்களே ஆனவர் என்பது அவருடைய தமிழில் தெரிந்தது. இடியாப்பத்தோடு குருமா உண்டு என்றார். எங்களுள் ஒருவர் அவசரமாக, "தம்பி, குருமாவில வெங்காயம், பூண்டு இல்லதானே?" என்று கேட்டார். அவ்விளைஞர் முகமலர்ந்து தலையசைத்து, "இல்லீங்க" என்றார்.

மூதாட்டியார் ஒரு வாய் உண்டதும் நிறுத்தினார். தட்டை மெல்ல நகர்த்திவிட்டு, எழுந்து சென்று வாய் கொப்பளித்து வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர்கள் நாங்கள்தாம். எங்களுள் ஒருவர் கல்லாவுக்குச் சென்று, நாற்பதாண்டு நியமம் கெட்டுவிட்டதென்று குரல் உயர்த்தினார். முதலாளி எழுந்து வந்தார். அந்த இளைஞரை அத்தனை பேர் முன்னிலையில் கடுஞ்சொற்களால் ஏசினார். "நாளைக்கு வராதே, கணக்கை முடிச்சுக்கோ" என்றார். அவ்விளைஞர் எதற்காக ஏசப்படுகிறோம் என்பதைக்கூட முழுதும் புரிந்துகொள்ளாதவராய்க் கையில் தட்டோடு நின்றார்.

அப்போது மூதாட்டியார் முதலாளியிடம் சென்று, "ஐயா, அந்தத் தம்பி மேல தப்பு இல்ல. நாங்க 'இல்லதானே'ன்னு கேட்டோம், அவர் 'இல்ல'ன்னாரு. நாங்க எதைக் கேக்க விரும்பினோமோ அதைத்தான் சொன்னாரு. வேலையை விட்டு எடுக்காதீங்க" என்றார். முதலாளி, "சரிம்மா, நீங்க போங்க" என்றார்.

மறுநாள் மூதாட்டியார் உபவாசம் இருந்தார். ஒரு வாய் குருமாவுக்கான பிராயச்சித்தம் என்று எண்ணினோம். மாலையில் கேட்டபோது, "அதுக்கு ஒருவேளை போதும். மத்தது அந்தப் பையனுக்காக" என்றார்.

அடுத்த வாரம் அவ்விடுதிக்கு மீண்டும் சென்றோம். அந்த இளைஞர் அங்கில்லை. நின்றுவிட்டார் என்று மட்டும் சொன்னார்கள். எங்கே சென்றார், வேறு வேலை கிடைத்ததா என்பதை அறிய முடியவில்லை. இன்றுவரை அறியோம்.

யாருடைய விரதம்?

இந்நிகழ்ச்சியை நாங்கள் பலமுறை எண்ணிப்பார்த்தோம். உறவினரிடமும் நண்பரிடமும் பேசினோம். மூவகைக் கருத்துகள் எழுந்தன.

முதலாவது, "கண்ணுக்குத் தெரியாமல் உண்டது பாவமன்று, இவ்வளவு கேட்டு அலையவேண்டியதில்லை" என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. செயலைவிடப் பாவனையே முதன்மை என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், பிரமாதம் என்னும் கவனமின்மையையே அதன் வேராக வைக்கிறார். அறியாமல் உண்பது வேறு. அறிந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கேளாமல் உண்பது வேறு. பின்னதற்கு அறியாமை என்ற பெயர் பொருந்தாது.

இரண்டாவது, "பணம் கொடுக்கிறோம், உண்மையைக் கேட்க உரிமை உண்டு, தவறாகச் சொன்னவர் தண்டனை பெறுவதே நியாயம்" என்பது. உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. இலைமேல் வைப்பது இன்னதென்று சொல்லவேண்டிய கடமை விடுதிக்கும் உண்டு. ஆனால் எங்கள் கேள்வியை மீண்டும் எண்ணிப்பார்த்தோம். 'இல்லைதானே' என்பது கேள்வியே அன்று. விடையை நாமே வாயில் வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவரின் தலையசைப்பை மட்டும் வேண்டுவது அது. நேரம் போய்க்கொண்டிருந்தது; பசி இருந்தது; பிள்ளைகள் குருமாவை விரும்பினர். 'இல்லை' என்ற சொல் எங்களுக்கு வேண்டியிருந்தது. மொழி முழுதும் அறியாத, வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாதென்று பழக்கப்பட்ட ஓர் ஏழை இளைஞரிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டோம். அவர் வாயிலிருந்து வந்த பொய்யில் பாதி எங்களுடையது.

செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் பிள்ளைகளும் பாடசாலையில் கற்பது. ஊன் உண்பவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார் என்னும் வள்ளுவரின் நியாயத்தை நாம் பெருமையோடு பிறர்க்கு எடுத்துச் சொல்கிறோம். அதே நியாயம் நம்மேலும் பாயும். நாம் விரும்பியதால் அவர் பொய் சொன்னார். நாம் முறையிட்டதால் முதலாளி ஏசினார். கையால் அடிக்கவில்லை, வாயால் வையவில்லை. ஆயினும் ஒருவருடைய மானமும் பிழைப்பும் நம் பொருட்டுக் குலைந்தன. சிற்றுயிர்க்கும் தீங்கு வேண்டாமென்று கிழங்கை விலக்கும் நியமம், எதிரில் நிற்கும் ஐந்தறிவின் மேற்பட்ட உயிரை மறந்துவிடுமாயின், அந்நியமத்தின் உயிர் எங்கே?

இதனால் நியமம் சிறிது என்று சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. "வெங்காயத்துக்காக ஒருவர் வேலை போகலாமா? விட்டுவிடுங்கள் இந்த நியமத்தை" என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது மூன்றாவது கருத்து. அதையும் நாங்கள் ஏற்கவில்லை. மூதாட்டியாரின் நியமம் எவர் வேலையையும் பறிக்கவில்லை. அவர் தட்டை நகர்த்தினார், வாய் கொப்பளித்தார், மறுநாள் பட்டினி கிடந்தார். அந்நியமத்தின் சுமை முழுவதையும் தாமே சுமந்தார். அதைப் பிறர் தலையில் இறக்கியவர்கள், அத்தனை உறுதியாக அதைக் கடைப்பிடிக்காத நாங்கள். விரதம் நம்முடையது எனில், அதன் விலையும் நம்முடையதாகவே இருக்கவேண்டும். பசி, காத்திருத்தல், விருப்பமான பண்டத்தை இழத்தல், சில வேளை ஒரு தவறுக்கான பிராயச்சித்தம் ஆகிய யாவும் நம் பங்கு. அவற்றுள் ஒன்றையும் பரிமாறுபவரிடம் தள்ளிவிடுதல் தகாது.

இப்போது நாங்கள் செய்வது

அந்நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் வழக்கம் சிறிது மாறிற்று. நெரிசல் வேளையில் செல்வதில்லை. நேரமாகிவிட்டால் அன்றைய திட்டத்தைக் கைவிடுகிறோம். 'இது இல்லைதானே, அது இல்லைதானே' என்று கேட்பதில்லை; "இதில் என்னென்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். அக்கேள்விக்குத் தலையசைத்து விடை கூற இயலாது. பரிமாறுபவர் அறியாவிடில், சரக்கு மாஸ்டரைக் கேட்டுவரும்படி பொறுமையாக வேண்டுகிறோம். கேட்டு வந்தவர்க்கு நன்றி சொல்கிறோம். 'தெரியாது' என்று ஒருவர் சொன்னால், அதையே மிகச் சிறந்த விடையாகக் கொள்கிறோம். தெரியாது என்று சொல்ல அஞ்சாதவர் இருக்கும் இடத்தில், 'இல்லை' என்ற சொல்லையும் நம்பலாம். குறை நேர்ந்தால் கல்லாவுக்குச் செல்வதில்லை. பரிமாறியவரிடமே தாழ்ந்த குரலில் சொல்லி, தட்டுக்குரிய விலையைக் கொடுத்து எழுகிறோம்.

மேன்சனில் தங்கி அன்றாடம் மெஸ்ஸில் உண்ணும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வோம். ஒரே இடத்தில் தொடர்ந்து உண்ணுங்கள். சமைப்பவரை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் நியமத்தை ஒருமுறை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அவரே, "தம்பி, இன்னைக்குக் கூட்டு வேணாம், ரசம் போதும்" என்று முன்கூட்டிச் சொல்லக் காண்பீர்கள். நட்பால் கிடைக்கும் அந்த உண்மை, அதட்டிக் கேட்டுப் பெறும் உண்மையினும் உறுதியானது.

சென்ற திங்கள் மயிலாப்பூரில் ஒரு சிறு விடுதிக்குச் சென்றிருந்தோம். பிற்பகல் மூன்றரை மணி. பேத்தி, பன்னிரண்டு வயதினள், தானே கேட்பதாக முன்வந்தாள். "அண்ணா, இந்தச் சட்னியில என்னென்ன போடுறீங்க?" என்றாள். பரிமாறியவர் உள்ளே சென்று, சிறிது நேரம் கழித்துத் திரும்பினார். "தேங்காய், பொட்டுக்கடலை, பச்சமிளகாய் இருக்கு பாப்பா. காலையில அரைச்சவர் போயிட்டாரு, பூண்டு போட்டாரான்னு எனக்குத் தெரியல" என்றார்.

மூதாட்டியார் அவரை அருகில் அழைத்து, "ரொம்ப நல்லது தம்பி. எனக்குக் கொஞ்சம் சர்க்கரை மட்டும் கொண்டு வாங்க" என்றார்.

நம் இல்லங்களில் நியமமும் நிலைக்கட்டும். அதைக் காக்கும் கேள்வி எவரையும் சுடாதிருக்கட்டும். அறம் வளர்க!